ஆடுகளமும் ஆட்சிக்களமும் கண்ட குமாரமங்கலம் டாக்டர் சுப்பராயன்

சேலம் நகரின் அம்மாபேட்டையில் தறியொலி கேட்கும் தெருக்களில், மாலை வேளையில் மட்டையும் பந்துமாய் ஓடியாடும் சிறுவர்களை யாரும் காணலாம். இந்திய நாட்டின் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகள் முழுவதும் தலைவராக இருந்தவர் நம் பழைய சேலம் மாவட்டத்துக்காரர் என்று அச்சிறுவர்களிடம் சொன்னால் நம்புவார்களோ என்னவோ! அவரே திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் ஆவார். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானபின் அவ்வூர் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. ஆயினும் சுப்பராயன் வாழ்ந்த காலத்தில் சேலத்தாராகவே அறியப்பட்டார்.

1889ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பிறந்த இவர், ஜமீன் வாரிசுகளுக்கென அமைந்த சென்னை நியூயிங்டன் பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கல்லூரிகளிலும், அதன்பின் ஆக்ஸ்போர்டு வாதம் கல்லூரியிலும் பயின்றார். டப்ளின் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். மங்களூரில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்காகத் தம் வாழ்வையே ஈந்த குத்முல் ரங்கராவ் அவர்களின் திருமகளார் ராதாபாயை 1912இல் மணந்தார். கொங்கு வேளாளர் குடியில் பிறந்த ஜமீன்தார் ஒருவர், சாரஸ்வதப் பிராமணக் குடும்பத்துப் பெண்ணைத் துணைவியாக ஏற்பது அந்நாளில் எளிய செயலன்று. சாதிமறுப்பைப் பற்றி மேடையில் முழங்கிய பலருக்கும் முன்னரே இவர் அதனை வீட்டில் செய்து முடித்துவிட்டார்.

1926ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராச்சியக் கட்சியினர் மிகுந்த இடங்களைப் பெற்றும், இரட்டையாட்சியில் பதவி ஏற்க மறுத்தனர். எக்கட்சியையும் சாராதவராய் நின்ற சுப்பராயனை ஆளுநர் கோஷன் பிரபு அழைத்தார். 1926 டிசம்பர் 4ஆம் நாள், தம் முப்பத்தேழாம் வயதில் சென்னை மாகாண முதன்மை அமைச்சரானார். நான்காண்டுகள் அப்பதவி நீடித்தது. சைமன் குழு வருகையையொட்டி உடனிருந்த அமைச்சர் இருவரும் விலகினர். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் அய்யரும் அவ்விடங்களுக்கு வந்தனர். அரசுப்பணிகளில் வகுப்புவாரி ஒதுக்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்த முத்தையா முதலியாரின் ஆணை இவ்வமைச்சரவைக் காலத்தே பிறந்ததாகும். அதன் பயனை முஸ்லிம் சமுதாயமும் நுகர்ந்தது. முத்தையா முதலியார் பெயரை நினைவு கூர்வோர், அவருக்குமேல் அமர்ந்திருந்தவரின் பெயரை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

பின்னர்க் காங்கிரசில் சேர்ந்த சுப்பராயன், 1937இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போது உடற்பயிற்சிக் கூடங்களையும் ஆட்டங்களையும் மட்டுமே எண்ணுகிறோம். சென்னையில் ஹாரி பக் என்னும் அமெரிக்கர் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி பெரும்பணி ஆற்றியது உண்மையே. ஆனால் தறியிலும் கழனியிலும் உழைப்பவனுக்குக் கள்ளுக்கடை மூடப்படுவதைவிடப் பெரிய உடற்பயிற்சித் திட்டம் வேறு இருந்திருக்க முடியுமா? போர்க்காலத்தில் ஆளுநராட்சி வருவாயைக் காரணங்காட்டி அதனைக் கைவிட்டது.

அதே அமைச்சரவையின் மற்றொரு செயலையும் மறைக்காது சொல்ல வேண்டும். 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. கல்வி அமைச்சர் சுப்பராயன். அம்முடிவு இராஜாஜியுடையதே ஆயினும், துறையின் பொறுப்பு இவருடையது. சட்டமன்றத்தில் அதனை எதிர்த்தவருள் திருச்சி கலீபுல்லா சாகிபு குறிப்பிடத்தக்கவர். தாம் இராவுத்தர் குலத்தவர், தம் தாய்மொழி தமிழே என்று அம்மன்றத்தில் அவர் எடுத்துரைத்தது வரலாற்றில் நிலைத்துவிட்டது. நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறையில் மாண்டனர். 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் கட்டாயத்தை நீக்கினார்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. இந்தியாவின் இசைவு கேளாமலே இந்தியாவையும் போரில் ஈடுபடுத்தியது பிரிட்டன். அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி துறந்தன. நாட்டில் அப்போது நிலவிய கருத்து வேறுபாடுகள் அனைத்தும் குமாரமங்கலத்தார் வீட்டுக்குள்ளேயே நிலவின எனலாம். தந்தையார் போருக்கு ஒத்துழைப்பு மறுத்த கட்சியைச் சேர்ந்தவர். தாயார் ராதாபாய், லண்டன் வட்டமேசை மாநாட்டில் பேகம் ஷா நவாசுடன் இந்தியப் பெண்கள் சார்பில் அமர்ந்தவர். 1938இல் மத்திய மாநில அவைக்குத் தேர்வான முதற்பெண்மணி. மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலமோ பிரிட்டிஷ் இந்தியப் படையில் பீரங்கிப் பிரிவு அதிகாரி. இளைய மகன் மோகன், கேம்பிரிட்ஜ் மாணவர் ஒன்றியத்தின் தலைவராக இருந்து, பொதுவுடைமையாளராய்த் திரும்பி வந்தவர். போரை ஏகாதிபத்தியப் போர் என எதிர்த்ததற்காக 1940-41ஆம் ஆண்டுச் சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி முதலானோருடன் தண்டிக்கப்பட்டார். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தபின் அவரது கட்சியின் நிலை தலைகீழாயிற்று. 1942 ஜூலையில் அக்கட்சியின் மீதான தடையை அரசு நீக்கியது. மகள் பார்வதியும் அவ்வழியே சென்றார்.

1942 மே இறுதியில் லிபியப் பாலைவனத்துப் பீர் ஹக்கீம் போரில் ரோம்மெலின் கவசப்படையை எதிர்த்து நின்ற மூத்த மகன் உயரிய வீரப்பதக்கத்துக்கு உரியவரானார். எதிரியிடம் சிறைப்பட்டு இத்தாலிக்கும் கொண்டு செல்லப்பட்டார். அச்சிறை முகாமில் உடனிருந்த இந்திய அதிகாரிகளுள் சாகிப்சாதா யாகூப்கானும் யாஹ்யாகானும் அடங்குவர். முன்னவர் பிற்காலத்தில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சரானார். பின்னவர் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அன்று அவர்கள் ஒரே படையினர், ஒரே முள்வேலிக்குள் ஒரே ரொட்டியைப் பங்கிட்டவர்கள். தப்பிச் சென்ற குமாரமங்கலம் கணுக்கால் முறிந்து மீண்டும் பிடிபட்டு, ஜெர்மனியின் முகாம் ஒன்றில் போர் முடியும்வரை அடைபட்டிருந்தார். ஒரு மகன் பகைவர் சிறையிலிருந்தார். ஒரு மகன் அரசினர் சிறைக்குச் சென்று வந்தார். தந்தையார் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர் உணர்வர்.

இத்தகைய சூழலில்தான் அவர் கிரிக்கெட் வாரியத் தலைவர் பொறுப்பையும் சுமந்தார். 1928இல் தோன்றிய அவ்வாரியத்துக்கு முன்பு பஞ்சாபின் சர் சிக்கந்தர் ஹயாத்கானும், போபால் நவாப் ஹமீதுல்லாகானும் தலைமை தாங்கியிருந்தனர். சுப்பராயன் 1938 முதல் 1946 வரை இருந்தார். இங்கிலாந்தில் மாகாணப் போட்டிகள் நின்றுவிட்ட அக்காலத்தும், ரஞ்சிக் கோப்பைப் போட்டி இந்தியாவில் ஓராண்டும் தவறாமல் நடந்தது. 1940-41இல் சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை அணி மகாராட்டிரத்திடம் தோற்றது. படைப்பணிக்காக இந்தியா வந்திருந்த டெனிஸ் காம்ப்டன், 1944-45 இறுதியில் ஹோல்கார் அணிக்காக ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் எடுத்தார்.

ஆனால் அக்காலத்தில் மக்களை ஈர்த்தது ரஞ்சிக் கோப்பை அன்று; பம்பாயில் நடந்த ஐங்கோணப் போட்டியே. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள், எஞ்சியோர் என்று சமயவாரியாக அணி பிரித்து ஆடப்பட்ட போட்டி அது. 1936இல் மான்செஸ்டரில் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்த முஷ்டாக் அலியும் விஜய் மெர்ச்சண்ட்டும் அங்கே எதிரெதிர் அணியினர்! 1940 டிசம்பரில் காந்தியடிகள் சமயவாரி அணிகளைத் தாம் விரும்பவில்லை என அறிவித்தார். அவ்வாண்டு இந்து அணி விலகியது. முஸ்லிம் அணி கோப்பை வென்றது. 1942இல் போட்டியே நடக்கவில்லை. அடுத்த ஆண்டு கிறித்தவரான விஜய் ஹசாரே, எஞ்சியோர் அணியின் 387 ஓட்டங்களில் தாம் ஒருவரே 309 எடுத்துக் காண்போரை வியப்பில் ஆழ்த்தினார். 1944-45இல் முஸ்லிம் அணி ஒரே விக்கெட் வேறுபாட்டில் இந்து அணியை வென்றது.

இப்போட்டி வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு வாரியத்தின் வாயிலுக்கு மீண்டும் மீண்டும் வந்தது. வெறுப்பை வளர்க்கும் என்றனர் ஒரு சாரார். ஆடுவோர் நண்பர்களாகவே பிரிகின்றனர், காண்போரும் இரு தரப்பு ஆட்டத்தையும் கைதட்டிப் பாராட்டுகின்றனர் என்றனர் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருந்தது. பம்பாய்ச் சங்கங்களுக்கு அதனால் கிடைத்த வருவாயோ பெரிது. சுப்பராயன் காலத்து வாரியம் அப்போட்டியை நிறுத்தவில்லை; 1946இல் நாடு கொந்தளித்தபோது அது தானே ஓய்ந்தது. துணிந்து முன்பே நிறுத்தியிருக்கலாம் என்பதே இக்கட்டுரையாளன் கருத்து. ஆனால் சென்னையில் இருந்துகொண்டு பம்பாயைக் குறைகூற நமக்கு அதிக உரிமை இல்லை. சமயம் இல்லாவிட்டாலும் நிறம் பிரித்து ஆடிய ஐரோப்பியர்–இந்தியர் பொங்கல் ஆட்டம் சேப்பாக்கத்தில் விடுதலைக்குப் பின்னும் சில ஆண்டுகள் நடந்ததே!

1946இல் பட்டோடி நவாப் இப்திகார் அலிகான் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் மெர்ச்சண்ட், முஷ்டாக் அலி, அப்துல் ஹபீஸ், குல் முகம்மது ஆகியோர் ஒன்றாய் ஆடினர். பிரிவினைக்குமுன் சென்ற இறுதி அணி அதுவே. அப்துல் ஹபீஸ் கர்தார் ஆறாண்டுகளுக்குப்பின் பாகிஸ்தான் அணித்தலைவராய் டெல்லிக்கு வந்தார்.

விடுதலைக்குப் பின் சுப்பராயன் பெற்ற பதவிகள் பல. ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை, உலகின் பெரிய முஸ்லிம் நாடாகிய இந்தோனேசியாவில் தூதுவர், திருச்செங்கோட்டின் நாடாளுமன்ற உறுப்பினர், மத்தியப் போக்குவரத்து அமைச்சர் என அவை நீளும். இவற்றுள் ஒன்றை மட்டும் சற்று நின்று நோக்கலாம். பி. ஜி. கேர் தலைமையில் 1955இல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் இவரும் ஓர் உறுப்பினர். ஆங்கிலத்துக்கு மாற்றாக இந்தியை விரைந்து கொணரும் பரிந்துரையை ஏற்காமல், வங்கத்து மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜியும் இவரும் தனித்தனியே மாற்றுக் குறிப்பு எழுதினர். 1938இல் தம் துறையின் பெயரால் இந்தியைக் கட்டாயமாக்கிய அதே கை, 1956இல் இந்தி பேசாதார் பக்கம் நின்று எழுதியது. மனம் மாறினாரா, அன்றே மனமின்றிச் செய்தாரா என்பதை அவர் நமக்கு விளக்கிச் செல்லவில்லை.

1962 ஏப்ரலில் மகாராட்டிர ஆளுநராகப் பம்பாய் சென்றார். அப்பதவியில் ஆறு திங்களும் நிறையவில்லை. அக்டோபர் 6ஆம் நாள் சென்னையில் காலமானார். அடுத்த இரு வாரங்களில் வட எல்லையில் சீனப்போர் மூண்டது. 1966இல் மூத்த மகன் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார்.