கண்டடைதலை மறுக்காதவர்: ஏ. ஜி. ஹாக்

அன்று சிற்றூராயிருந்த தாம்பரத்தின் பெயர் உலகக் கிறித்தவ இறையியல் நூல்களில் இடம்பெற்றதற்குக் காரணம், 1938 டிசம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் நடைபெற்ற அனைத்துலக மறைப்பணி மாநாடு ஆகும். கிறித்துவை ஏற்காத கோடானுகோடி மாந்தர்க்கு மீட்பு உண்டா என்னும் வினா அம்மாநாட்டை உலுக்கியது. அவ்வினாவோடு தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர், அவ்வாண்டு வரை கல்லூரி முதல்வராக விளங்கிய ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக்.

எகிப்தில் சமயப்பணி ஆற்றிய ஸ்காட்லாந்துக் குடும்பமொன்றில் 1875-இல் பிறந்தார் ஹாக். எடின்பரோவில் இறையியல் பயின்றபோது ஐயம் மேலிட, அக்கல்வியை இடையிலே கைவிட்டார். இழந்த நம்பிக்கையை அரிதின் முயன்று மீட்டுக்கொண்ட பின்னரே, 1903-இல் மெய்யியல் ஆசிரியராகச் சென்னைக்கு வந்தார். நம்பிக்கை எளிதில் வாய்ப்பதன்று என்பதைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவராதலின், பிறர் நம்பிக்கையை அவர் எளிதாக எண்ணவில்லை.

மாணவர் நெஞ்சில் வேரூன்றியிருந்த வினைக்கொள்கையை ஊன்றிக் கற்று, கர்மமும் மீட்பும் பற்றிய நூலை 1909-இல் வெளியிட்டார். இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை அவர் மழுப்பவில்லை. ஆயினும் வினைக்கொள்கையின் அறவலிமையை மதித்தே வாதிட்டார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமுண்டு என நிறுவ அம்மாணவர் எழுதிய ஆய்வுரையை, கருத்து வேறுபாட்டையும் கடந்து பாராட்டியவர் ஹாக்.

1928-இல் முதல்வரானார். நெரிசல் மிகுந்த ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துச் சேலையூர்க் காட்டுப்பகுதிக்குக் கல்லூரி 1937-இல் குடிபெயர்ந்தது அவர் காலத்திலேதான். சீனத்தில் நடைபெறவிருந்த மாநாடு, அங்கு மூண்ட போரினால் அடுத்த ஆண்டே இப்புதிய வளாகத்தை நாடி வந்தது. உலகெங்குமிருந்து ஏறத்தாழ 470 பேராளர் திரண்டனர்.

மாநாட்டிற்கென நூல் எழுதிய டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், இறைவனின் வெளிப்பாடு கிறித்துவில் மட்டுமே என்றும், பிற சமயங்கள் மனித முயற்சிகளே என்றும் வரையறுத்தார். செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறித்தவ அறிஞர்கள் அதனை எதிர்த்தனர். ஹாக்கின் மறுப்போ தனித்தன்மை வாய்ந்தது. சமயக் கோட்பாடு வேறு, ஒருவர் உள்ளத்தில் வாழும் நம்பிக்கை வேறு என்று அவர் பிரித்தறிந்தார். கோட்பாட்டோடு முரண்படலாம், ஆனால் இறைவனை உண்மையாக நாடும் உள்ளத்திற்கு இறைவன் மறுமொழி தரவில்லை என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அங்கு நிகழ்வது தேடல் மட்டுமன்று, கண்டடைதலும் ஆகலாம் என்பது அவர் துணிபு. எல்லாரும் மீட்புறுவர் என்றும் அவர் அறுதியிடவில்லை. எல்லாச் சமயமும் ஒன்றே என்றும் இசையவில்லை. கிறித்துவின் ஒப்பின்மையை விடாமலே கதவைத் திறந்து வைத்தார்.

1954-இல் ஹாக் மறைந்தார். பத்தாண்டு கழித்து, தம் குற்றமின்றிக் கிறித்துவை அறியாதவரும் மீட்புறல் கூடும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1988-இல் அறிஞர்கள் மீண்டும் தாம்பரத்தில் கூடி அப்பழைய விவாதத்தை ஆராய்ந்தனர்.

நாயன்மாரும் ஆழ்வாரும் உருகிப் பாடியது மூடிய கதவின் முன்னரா, திறந்த வாயிலிலா என்னும் வினா தமிழ்க் கவிஞர்க்குப் புறத்ததன்று. தம் நம்பிக்கையில் உறுதியாய் நின்றே பிறர் கண்ணீரின் மெய்ம்மையை மதித்த அப்பேராசிரியரின் நேர்மை, கவிதை படைப்போர்க்கும் உரிய நெறியாகும்.