செம்பியன் மாதேவியார்

சோழ நன்னாட்டில் செங்கற்றளிகளாய் இருந்த சிவாலயங்கள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்த பெருமாட்டியார் செம்பியன் மாதேவியார். மழவரையர் குலத்தில் தோன்றிய இவர், தில்லைப் பெருமான்மீது திருவிசைப்பாப் பாடிய கண்டராதித்த சோழரின் தேவியாராவார். அம்மன்னர் ஏறத்தாழ 957-ல் சிவபதம் எய்தினார். அரசு அவர்தம் தம்பியின் வழிக்குச் சென்றது. அம்மையாரின் அருமை மைந்தர் உத்தமசோழர் அரியணை ஏறியது 970-ஐ அடுத்தே. கைம்மை பூண்டபின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அம்மையார், அக்காலம் முழுவதையும் திருப்பணிக்கே ஈந்தார்.

கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில், கொழுநரின் பெயரால் கற்றளி சமைத்தார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலம் அதன் தென்சுவரில் புடைப்புருவமாக விளங்குகின்றது. கோயிலைக் கட்டிய ஆலத்தூர்ச் சாத்தன் குணபட்டனின் பெயரும் ஆங்கே கல்லில் நின்று நிலவுகின்றது. பணி செய்தவனை மறவாத பண்பு அது! அம்மையாரின் கோயில்களில் அர்த்தமண்டபச் சுவர்களிலும் கோட்டங்கள் பெருகின. கணபதி, ஆடவல்லான், அகத்தியர், பிட்சாடனர், துர்க்கை முதலிய திருவுருவங்கள் அவற்றில் இடம்பெற்றன.

எனினும், திருக்கோடிகாவில் அவர் செய்வித்த செயலே யாவற்றினும் அரியது எனல் வேண்டும். பழைய கோயிலைப் புதுக்குங்கால், அதிலிருந்த பல்லவர், பாண்டியர் காலத்துச் சாசனங்கள் கேட்பாரற்றுப் போயிருக்கக் கூடும். சாசனம் அழியின், விளக்குக்கு விட்ட பொன்னுக்கும் அமுதுபடிக்கு விட்ட நிலத்துக்கும் சான்று ஏது? முன்னோர் ஏற்றிவைத்த நந்தாவிளக்கு அணைந்தே போகும். ஆதலின் பழங்கற்களில் இருந்தவற்றைப் புதிய சுவரில் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். அவை பழங்கல்லின் படிகளே என்னும் குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. வேற்று மரபு வேந்தரின் அறமும் சோழர் கட்டிய சுவரில் இவ்வாறு நிலைபெற்றது.

திருமுதுகுன்றம், தென்குரங்காடுதுறை முதலிய தலங்களும் அம்மையாரின் திருப்பணியால் பொலிவுற்றன. முதுமையிலும் அவர் ஓய்ந்தாரில்லை. முதலாம் இராசராசர் காலத்தில், 1001-ஆம் ஆண்டளவில், திருவக்கரையிலும் கற்றளி எழுந்தது.

நாகைப் பகுதியில் அம்மையாரின் பெயரையே தாங்கிய செம்பியன் மாதேவி என்னும் ஊரில் கயிலாயமுடையார் கோயில் உள்ளது. மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் ஆங்கே சிறப்பு நிகழ, உத்தமசோழரின் தேவியர் நிவந்தம் அளித்தனர். 1019-ல் முதலாம் இராசேந்திரர் அம்மையாரின் திருவுருவத்தை அக்கோயிலில் எழுந்தருளச் செய்தார்.