ஜூம் செய்யாமல் நடந்தே போன ராபர்ட் காபா: படத்தை மாற்றுவது லென்ஸா, தூரமா?

கையை நீட்டி செல்ஃபி எடுத்தால் மூக்கு பெருசாகவும் காது சின்னதாகவும் தெரிகிறது. பழி மொத்தமும் போனின் வைடு லென்ஸ் மீது விழுகிறது. உண்மையில் லென்ஸ் அப்பாவி. காரணம், கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம். இந்தத் தூரத்தைக் குறைப்பதற்காகவே வாழ்நாள் முழுக்க உயிரைப் பணயம் வைத்தவர், போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபா.

இல்லாத மனிதரின் பெயர்

1913 அக்டோபர் 22-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், தையல் கடை நடத்திய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் எண்ட்ரே ஃப்ரீட்மன். இடதுசாரி மாணவர்களோடு சேர்ந்ததால் கைதாகி, 17 வயதில் நாட்டை விட்டே வெளியேறினார். பெர்லினில் ஒரு புகைப்பட ஏஜென்சியின் டார்க்ரூமில் எடுபிடி வேலை கிடைத்தது.

1932-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் டிராட்ஸ்கி பேசிய கூட்டத்துக்கு ஏஜென்சி அவரை அனுப்பியது. கோட் பாக்கெட்டில் அடங்கும் லைக்கா கேமராவுடன் மேடைக்குக் கிட்டேயே போய் நின்றார். 19 வயதில் அந்தப் படங்கள்தான் அவருக்கு முதல் அடையாளம்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டுக் கிளம்பி பாரிஸ் சேர்ந்தார். அங்கே, ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த கெர்டா அறிமுகமானார். அகதிகள் எடுக்கும் படங்களுக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. எனவே, 'ராபர்ட் காபா' என்றொரு பணக்கார அமெரிக்கப் புகைப்படக்காரர் இருப்பதாக இருவரும் கதை கட்டி, அவர் பெயரில் படங்களை விற்றார்கள். குட்டு உடைந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

கணக்கு ரொம்ப சிம்பிள்

இரண்டாம் உலகப் போரில் காபா வைத்திருந்தது 35 மி.மீ. ஃபிலிம் போடும் கான்டாக்ஸ் கேமரா, 50 மி.மீ. லென்ஸ். ஜூம் கிடையாது. ஆள் பெருசாகத் தெரிய வேண்டும் என்றால் நடந்துதான் போக வேண்டும்.

ஒரு வீரர் 3 மீட்டர் தூரத்திலும், இன்னொருவர் 6 மீட்டர் தூரத்திலும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் முன்னவர், பின்னவரைவிட 2 மடங்கு உயரமாகத் தெரிவார். இப்போது பின்வாங்கி, முன்னவரிடமிருந்து 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பின்னவர் 33 மீட்டரில் இருப்பார். வித்தியாசம் வெறும் 10 சதவீதம்.

முன்னவரைப் பழைய அளவிலேயே காட்ட 500 மி.மீ. லென்ஸ் தேவை. அளவு அதேதான் வரும். ஆனால், பின்னால் நிற்பவர் முன்னவரின் முதுகில் ஒட்டியது போல் இருப்பார். இருவருக்கும் நடுவே உள்ள வெளி காணாமல் போயிருக்கும்.

குவியத் தூரம், அதாவது ஃபோகல் லென்த், காட்சியில் எவ்வளவு பகுதி ஃபிரேமுக்குள் வரும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. முன்னால் இருப்பது எவ்வளவு பெருசு, பின்னால் இருப்பது எவ்வளவு சிறுசு என்ற விகிதமே பெர்ஸ்பெக்டிவ். அதைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமே. ஒரே இடத்தில் நின்று எவ்வளவு ஜூம் செய்தாலும் அந்த விகிதம் மாறாது.

செல்ஃபியிலும் இதே கதைதான். மூக்கு நுனி 30 செ.மீ. தூரத்திலும், காது 42 செ.மீ. தூரத்திலும் இருந்தால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு 40 சதவீதம் ஊதிப்போகும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அது 8 சதவீதமாகக் குறைந்துவிடும்.

கிட்டே போனதன் விலை

1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் படமெடுக்க காபாவும் கெர்டாவும் போனார்கள். குண்டடிபட்டுச் சாயும் வீரரின் படம் காபாவை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. அது நிஜமா, நடிக்க வைத்து எடுத்ததா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. கிட்டே நிற்பது மட்டுமே உண்மைக்குச் சான்றாகிவிடாது என்பதற்கும் காபாவே உதாரணம். 1937 ஜூலையில், புருனெட்டே போர்முனையில் டாங்கி மோதி கெர்டா இறந்துபோனார். அவருக்கு வயது 26.

1944 ஜூன் 6. பிரான்ஸின் ஓமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படையோடு காபாவும் தண்ணீரில் இறங்கினார். இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 10 படங்கள்தான். ஒன்றில், அலைக்குள் படுத்தபடி ஒரு வீரர் கரையை நோக்கி வருகிறார். அவர் முன்னால் பெருசாக, ஜெர்மானியர்கள் நட்டுவைத்த தடுப்புகள் பின்னால் சின்னதாக. படம் நன்றாகவே ஆடியிருக்கிறது. ஆனாலும் பார்ப்பவர் தானும் அந்தத் தண்ணீருக்குள் கிடப்பதாக உணர்கிறார். தூரத்துக் கப்பலில் நின்று டெலி லென்ஸில் எடுத்திருந்தால் இந்த உணர்வு கிடைத்திருக்காது.

1947-ல் கார்ட்டியே பிரெஸ்ஸான் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து 'மேக்னம்' ஏஜென்சியைத் தொடங்கினார். புகைப்படத்தின் உரிமை எடுத்தவருக்கே சொந்தம் என்பது அதன் கொள்கை.

1954-ல் 'லைஃப்' பத்திரிகைக்காக வியட்நாம் போனார். மே 25-ல், தாய் பின் அருகே பிரெஞ்சுப் படை வண்டிகள் வழியில் நின்றன. வயலுக்குள் முன்னேறிய வீரர்களைப் படமெடுக்க, காபா சாலையை விட்டு இறங்கி அவர்கள் பின்னாலேயே நடந்தார். கடைசி ஃபிரேம்களில் அவர்களின் முதுகுகள் தெரிகின்றன. அடுத்த சில அடிகளில் கண்ணிவெடியை மிதித்தார். 40 வயதில் முடிந்த அந்த வாழ்க்கையின் கடைசி நொடியிலும் கேமரா அவர் கையில்தான் இருந்தது.