ஏடும் துப்பாக்கியும்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கலாசாலைகளில் பயிலுகின்றனர். அவர்களுள் தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர்களுக்கு விடியற்காலையில் கவாத்து, பகலில் பாடம், இரவில் பூர்த்தி செய்யவேண்டிய படிவங்கள். ஏலகிரிப் பாதையின் 14 கொண்டையூசி வளைவுகளையும் ஓடி ஏறிவிடலாம், இம்மூன்றையும் ஒருங்கே சுமப்பது அரிது என்று அவர்கள் அலுத்துக்கொள்வதில் வியப்பில்லை. 1948-ல் ஏற்பட்ட அப்படையின் மூலத்தைத் தேடிச் சென்றால் 1917-ஆம் வருஷத்துச் சர்வகலாசாலைப் பட்டாளங்களை அடைவோம். அவற்றுள் கல்கத்தாப் பிரிவில் கவாத்துப் பழகிய மாணவர்களில் ஒருவரே பின்னாளில் நேதாஜி என்று உலகறிந்த சுபாஷ் சந்திர போஸ்.

1897 ஜனவரி 23-ல் கட்டாக்கில் பிறந்த சுபாஷ், 1914-ல் குருவைத் தேடி ஹரித்துவாரம், காசி என்று வீட்டாரறியாது அலைந்து திரும்பியவர். ஓட்டன் என்ற ஆங்கில ஆசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் 1916-ல் பிரசிடென்ஸி கலாசாலையினின்றும் நீக்கப்பட்டார். படிப்பு நின்ற அக்காலத்தில் 49-வது வங்காளப் பட்டாளத்தில் சேர முயன்றார். மற்றச் சோதனைகளில் தேறியவரைக் கண்பார்வை போதாதென்று திருப்பியனுப்பிவிட்டனர். 1917 ஜூலையில் ஸ்காட்டிஷ் சர்ச் கலாசாலையில் தத்துவ சாஸ்திரம் பயிலச் சேர்ந்தார். பின்னர் இந்தியப் பாதுகாப்புப் படையில் மாணவர்களுக்கென ஒரு பிரிவு அமைந்தது. அங்கே கண்சோதனை அத்துணைக் கடுமையன்று; சுபாஷ் ஒருவாறு உள்ளே நுழைந்துவிட்டார்.

முதல் நாட் காட்சி நகைப்புக்குரியது. வேட்டி கட்டியோர் சிலர், கால்சட்டை அணிந்தோர் சிலர், வெறுந்தலையர் பலர். இக்கூட்டத்தையும் சிப்பாய்களாக்க முடியுமோ என்று பார்த்தவர் ஐயுற்றனர். முகாம் வில்லியம் கோட்டைக்கருகே மைதானத்தில் இருந்தது. பயிற்றுவித்த காப்டன் கிரே என்ற ஸ்காட்லாந்துக்காரர் கடுகடுத்த முகத்தினர், உள்ளமோ பொன். வெள்ளையதிகாரியொருவரை மாணவர்கள் மனமார நேசித்தனர் என்பதைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. துப்பாக்கிகளைப் பெறக் கோட்டைக்குள் அணிவகுத்து நுழைந்த தினத்தில், பறிகொடுத்த உடைமையை மீட்டது போன்றதோர் உணர்ச்சி அவர்களுக்கு உண்டாயிற்று.

படிப்பு என்னாயிற்று என்று கேட்பீர்கள். நான்கு மாத முகாமும், பெல்கரியாவில் மூன்று வாரச் சுடுபயிற்சியும் முடிந்த பிறகே சுபாஷ் முழு மனத்தோடு புத்தகங்களில் இறங்கினார். ஒரே நாளைப் பலவாறாகக் கூறுபோட்டு எல்லாவற்றிலும் அரைகுறையாக நிற்கவில்லை. 1919-ல் பி.ஏ. பரீக்ஷையில் முதல் வகுப்பு, வரிசையில் இரண்டாமிடம். முதலிடம் வாராத குறை அவருக்கிருந்தது. மறு வருஷம் ஐ.ஸி.எஸ். பரீக்ஷையில் நான்காமவராகத் தேறி, 1921-ல் அவ்வுத்தியோகத்தை உதறினார்.

அவரை வென்றது காகிதம் ஒன்றே. கேம்பிரிட்ஜில் ஆங்கில மாணவருக்கு ராணுவ அதிகாரிப் பயிற்சிப் படை உண்டு. இந்தியருக்கு அதில் இடமில்லை. இந்திய மாணவர் சார்பில் முறையிட லண்டன் சென்றார் சுபாஷ். யுத்த இலாகா மறுக்கிறது என்றது இந்தியா காரியாலயம். திரும்பிவந்து பயிற்சிப் படையினரிடம் விசாரித்தால், மறுப்பது இந்தியா காரியாலயமே என்றனர்! பயிற்சி பெற்றவன் நாளை பிரிட்டிஷ் சேனையில் பதவி கேட்பான் என்ற அச்சமே உட்காரணம். பதவி வேண்டாம், பயிற்சி போதும் என்று சொல்லியும் பலிக்கவில்லை. கட்சிக்காரன் மனு இரண்டு மேஜைகளுக்கிடையே மாண்டுபோவதை வக்கீல் தொழிலில் நாமும் கண்டிருக்கிறோம்.

1928 கல்கத்தாக் காங்கிரஸில் தொண்டர் படையைச் சீருடையில் நடத்தினார். காந்தியடிகளுக்கு அது உவப்பாயில்லை. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தை அணிவகுப்பில் பார்வையிட்டார். அதன்பின் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பலர், துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள், அப்படையில் வந்து சேர்ந்தனர். இவர்களும் சிப்பாய்களாவரோ என்று ஐயுற்றோர் அங்கேயும் இருந்திருப்பர். கல்கத்தா மைதானத்தில் வேட்டியோடு வந்து நின்றவர்களை நேதாஜி மறந்திருக்கமாட்டார்.