கோணேசர் சந்நிதிக்காக மந்திரிப் பதவியைத் துறந்த செனட்டர் மு. திருச்செல்வம்

இலங்கையின் பஞ்ச ஈஸ்வரங்களுள் ஒன்றாகவும், திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரின் பதிகம் பெற்ற தலமாகவும் விளங்கும் திருக்கோணேஸ்வரத்தின் பெருமையை நம்மவர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் வற்றாப்பளை அம்மனைத் தரிசித்து, கோணேசர் சந்நிதியிலும் வழிபட்டே மேற்செல்வது வழக்கம். அந்தச் சந்நிதியின் சுற்றாடலைச் சட்டப்படி ஒரு புனித பிரதேசமாக்க முயன்று, அம்முயற்சி தடுக்கப்பட்டபோது மந்திரிப் பதவியையே வேண்டாமென்று விட்டு வந்த ஒருவரைப் பற்றி இன்றைய பிள்ளைகள் அறிந்திருப்பது அரிது. அவரே அமரர் செனட்டர் முருகேசன் திருச்செல்வம் அவர்கள்.

1907 ஆம் ஆண்டு பிறந்த இவர் சட்டம் பயின்று அரசாங்க சட்டத்துறையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து சொலிசிட்டர் ஜெனரல் பதவி வரை வந்தவர். அரசின் சார்பில் நீதிமன்றத்தில் நின்று வாதாடும் சட்டவாதிகளுள் சட்டமா அதிபருக்கு அடுத்த நிலை அது. இராணி வழக்கறிஞர் என்ற சிறப்பும் பெற்றார். மேடையில் ஏறி முழங்கும் அரசியல்வாதி அல்லர். அரச சேவையை விட்டு வெளியே வந்தபின் தமிழரசுக் கட்சியில் இணைந்து, தந்தை செல்வநாயகம் அவர்களுக்குச் சட்ட விடயங்களில் வலக்கரமாக நின்றார். கட்சிக்குப் பேச்சாளர் பலர் இருந்தனர். ஒரு சட்டமூலத்தின் வாசகத்தை வரிவரியாகப் பார்த்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லக் கூடியவர்கள் சிலரே.

இங்கே செனட் சபை என்பது யாது என்று சொல்லியாக வேண்டும். சோல்பரி அரசியல் யாப்பின்படி 1947 இல் அமைந்த மேற்சபை அது. மூதவை என்றும் சொல்வர். உறுப்பினர் 30 பேர். அவர்களுள் 15 பேரைக் கீழ்ச்சபையாகிய பிரதிநிதிகள் சபை தெரிவு செய்யும். மற்ற 15 பேரைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிப்பார். பதவிக் காலம் ஆறு ஆண்டுகள். மந்திரிகளில் இருவராவது செனட்டர்களாக இருக்க வேண்டுமென்றும், நீதி மந்திரி அவர்களுள் ஒருவராக இருக்க வேண்டுமென்றும் விதி இருந்தது. பணம் சம்பந்தப்பட்ட சட்டமூலங்களை அங்கே தொடக்க முடியாது. பல்லில்லாத சபை என்று பலர் பரிகசித்ததும் உண்டு. ஆயினும் தேர்தலில் நிற்காத அறிஞர்களுக்கு அது ஒரு வாசலாக இருந்தது.

1965 மார்ச்சில் நடந்த பொதுத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தமிழரசுக் கட்சிக்கு 14 ஆசனங்கள். மார்ச் 24 ஆம் திகதி டட்லி சேனநாயக்கா அவர்களும் செல்வநாயகம் அவர்களும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழியாகவும் பதிவு மொழியாகவும் இருத்தல், நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம், மாவட்ட சபைகள், குடியேற்றக் காணிகளை வழங்குவதில் முன்னுரிமை ஆகியவை அதன் அம்சங்கள். இந்தக் கடைசி அம்சம் வன்னிக்கு நேரே பொருந்தியது. வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் என்பவற்றின் கீழ்க் காணி பகிர்ந்த காலம் அது. முதலில் அந்தந்த மாவட்டத்திலுள்ள காணியற்றவர்களுக்கு, அதன்பின் வடக்குக் கிழக்கில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு, அதன்பின்னரே நாட்டின் ஏனையோருக்கு, அவர்களுள்ளும் பிற மாவட்டத் தமிழருக்கு முதலிடம் என்று அவ்வுடன்பாடு கூறியது.

தேர்தலில் வென்ற தமிழரசு உறுப்பினர் எவரும் மந்திரியாவதில்லை என்பது கட்சியின் முடிவு. ஆகவே திருச்செல்வம் அவர்கள் செனட்டராக நியமிக்கப்பட்டு, உள்ளூராட்சி மந்திரியாகப் பொறுப்பேற்றார். ஏன் உள்ளூராட்சி? கிராமசபை, பட்டினசபை, நகரசபை எல்லாம் அந்த அமைச்சின் கீழ் வந்தன. உடன்பாட்டில் கண்ட மாவட்ட சபைகளை அமைப்பதும் அவ்வமைச்சின் வழியே நடக்க வேண்டிய காரியம். மின்கம்பமும் மதகும் திறந்து வைக்க அல்ல, ஒரு சட்டத்தைக் கொண்டுவரவே அவர் அந்தக் கதிரையில் அமர்ந்தார் என்று கொள்வதே பொருத்தம்.

முதலில் வந்தது மொழி. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தால் அரசாங்கக் கந்தோர்களில் தமிழ் எழுதுவினைஞர்கள் பட்ட பாட்டை விரித்தால் ஒரு மலர் போதாது. சிங்களப் பரீட்சையில் தேறாவிடில் வேதன ஏற்றம் இல்லை. அப்படி நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவரான செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனது பலரும் அறிந்த செய்தி. தமிழுக்கு ஓரளவு இடங்கொடுத்து 1958 இல் ஒரு சட்டம் நிறைவேறியும், அதை நடைமுறைப்படுத்தும் பிரமாணங்கள் ஆண்டுக்கணக்காக வெளிவரவில்லை. சட்டம் இருந்து பிரமாணம் இல்லாவிடில் வண்டில் இருந்து மாடு இல்லாத கதைதான். 1966 சனவரியில் அப்பிரமாணங்கள் பாராளுமன்றத்துக்கு வந்தன. 8 ஆம் திகதி கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்து, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பிக்கு உயிரிழந்தார். அவசரகால நிலை பிரகடனமானது. அதற்கிடையிலும் பிரமாணங்கள் நிறைவேறின. தமிழில் கடிதம் எழுதியவர் தமிழில் பதில் பெறவும், வடக்குக் கிழக்கில் அரச கருமங்கள் தமிழில் நடக்கவும், சட்டங்களும் படிவங்களும் தமிழில் வெளிவரவும் அவை வழிவகுத்தன. ஏட்டில் இருந்தது முழுவதும் நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு கதை.

அடுத்தது மாவட்ட சபை. 1957 இல் பண்டாரநாயக்கா அவர்களோடு செய்த ஒப்பந்தத்தில் பிரதேச சபை என்று இருந்தது, இப்போது மாவட்ட சபை என்று சுருங்கி வந்தது. அதையும் கொண்டுவர மூன்று ஆண்டுகள் சென்றன. 1968 யூன் மாதம் வெள்ளை அறிக்கை வெளியானது. மத்திய அரசின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் அமைந்த சபைகள் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். அதுவும் போதவில்லை. நாட்டைப் பிரிக்கும் திட்டம் என்று எதிர்க்கட்சிகள் கூக்குரலிட்டன. ஆளுங்கட்சியின் பின்வரிசையினரும் அவர்களோடு சேர்ந்து கொண்டனர். பிரதம மந்திரி திட்டத்தைக் கைவிட்டார். அரசோடு கூடியதே பிழை என்று தமிழர் மத்தியிலும் குரல் எழுந்தது. ஊர்காவற்றுறை உறுப்பினர் வி. நவரத்தினம் அவர்கள் அவ்வாண்டிலேயே கட்சியோடு முரண்பட்டுப் பிரிந்தார். மந்திரியாக இருந்தவருக்கு இரு பக்கத்திலும் அடி.

இந்த நிலையில்தான் கோணேசர் விடயம் வருகிறது.

1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தருக்கும் பின் ஆங்கிலேயருக்கும் கைமாறிய அக்கோட்டை பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. மலை கோட்டைக்குள் அகப்பட்டுக் கொண்டது. கோயில் இல்லாத காலத்திலும் அடியார்கள் மலையுச்சியில் நின்று கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வணங்கினர். 1950 இல் கிணறு தோண்டும்போது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. திருகோணமலைச் சைவப் பெருமக்களின் முயற்சியால் ஆலயம் மீண்டும் எழுந்து, 1963 இல் கும்பாபிஷேகம் நிறைவேறியது. ஆலயம் வந்துவிட்டது, ஆனால் சூழவுள்ள நிலம் கோட்டைக் காணி. வாசலில் இராணுவம். சந்நிதிக்கு அடுத்த நிலத்தில் நாளை என்ன கட்டுவார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

1946 ஆம் ஆண்டின் நகர, நாட்டு அமைப்புச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. புனித நகர் திட்டத்துக்காகப் பழைய அநுராதபுர நகரத்து மக்களையும் கடைகளையும் புதிய நகருக்கு மாற்றிய காரியம் முன்னரே நடந்திருந்தது. பௌத்த தலத்துக்குச் செய்ததைச் சைவத் தலத்துக்கும் செய்வதில் பிழையென்ன என்பதே திருகோணமலைச் சைவர்களின் கோரிக்கை. மந்திரி அதை ஆராய்ந்து அறிக்கை தருமாறு ஒரு குழுவை நியமித்தார். எவருடைய காணியையும் பறிக்க அல்ல, எவருடைய வழிபாட்டையும் தடுக்கவும் அல்ல. ஆராய மட்டுமே.

அதுகூடப் பொறுக்கவில்லை. திருகோணமலையிலிருந்த பௌத்த பிக்கு ஒருவர் பிரதம மந்திரிக்கு ஆட்சேபம் தெரிவித்தார். கோட்டைக்குள் பௌத்தத்துக்கும் உரிமை உண்டென்பது அவரது வாதம். பிரதம மந்திரி, விடயத்துக்குப் பொறுப்பான மந்திரியைக் கலந்து கொள்ளாமலே குழுவின் வேலையை நிறுத்தச் செய்தார். மாவட்ட சபை கைவிடப்பட்டபோது பொறுத்திருந்தவர் இதைப் பொறுக்கவில்லை. தம் அமைச்சின் அதிகாரத்துக்குள் நியமித்த ஒரு குழுவைக்கூட நிலைநிறுத்த முடியாத மந்திரிப் பதவியால் பயனில்லை என்று கண்டு 1968 இல் இராஜிநாமாச் செய்தார். அதைத் தொடர்ந்து கட்சியும் அரசாங்கத்துக்கு அளித்த ஆதரவை விலக்கிக் கொண்டது.

இந்த இராஜிநாமாவைச் சிலர் சிறு காரியத்துக்காகச் செய்த பெரிய காரியம் என்றனர். அப்படியல்ல. மாவட்ட சபை என்பது புதிதாய் ஓர் அதிகாரத்தைத் தருமாறு கேட்டது. அது கிடைக்காமற் போகலாம். குழு நியமித்ததோ ஏற்கெனவே சட்டத்தில் இருந்த அதிகாரம். இருக்கிற அதிகாரமும் ஒரு கடிதத்தோடு போய்விடுமென்றால், பெறப்போகும் அதிகாரத்தின் கதி என்ன? சட்டம் படித்தவர் அதைக் கண்டுகொண்டார்.

செனட் சபை 1971 ஒக்ரோபர் 2 ஆம் திகதி ஒழிக்கப்பட்டது. 1972 குடியரசு யாப்பு வந்தது. 1976 இல் அமிர்தலிங்கம் முதலான தலைவர்கள் துண்டுப்பிரசுரம் வழங்கியதற்காகக் கைதாகி, யூரிமார் இல்லாத மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டபோது, செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோருடன் திருச்செல்வம் அவர்களும் அவர்களுக்காகத் தோன்றினார். ஒருகாலம் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேசையில் அமர்ந்த காட்சி அது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் பொன்னம்பலமும் ஏப்ரலில் தந்தை செல்வாவும் மறைந்தனர்.

அவர் கொண்டுவர முயன்ற மாவட்ட சபை வேறு பெயரில் திரும்பி வந்தது. 1979 இல் அபிவிருத்தி சபைகளை ஆராய்ந்த ஆணைக்குழுவில் அவருடைய மகன் கலாநிதி நீலன் திருச்செல்வம் ஓர் உறுப்பினர். 1980 இல் மாவட்ட அபிவிருத்தி சபைச் சட்டம் வந்தது, 1981 இல் தேர்தலும் நடந்தது. அதனோடு நமது கிராமசபைகள் இல்லாமற் போயின. 1987 இல் மாகாணசபை வந்தது. நீலன் அவர்கள் 1999 யூலை 29 இல் கொழும்பில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்.

தலத்தைச் சூழ்ந்த நிலம் யாருடையது என்ற கேள்வி திருகோணமலையோடு நிற்கவில்லை. குமுழமுனைப் பக்கத்துக் குருந்தூர்மலையில், ஆதிசிவன் ஐயனாரை வழிபட்டு வந்த இடத்தில் எழுந்த விகாரைக் கட்டுமானம் தொடர்பாக நம் மாவட்ட மக்கள் வழக்காடியதும், 2022 இல் முல்லைத்தீவு நீதிவான் நீதிமன்றம் புதிய கட்டுமானங்களை நிறுத்தக் கட்டளையிட்டதும் எல்லோரும் அறிந்தவை. கோணேசர் மலைக்கு இன்றும் அடியார்கள் பிரெட்றிக் கோட்டையின் வாசலினூடாக, இராணுவ முகாமைக் கடந்தே போய் வருகிறார்கள்.