வினாக்களால் உயர்ந்த அறிஞர் மைக்கேல் பரடே

ஆளியை அழுத்தியதும் அறையெங்கும் ஒளி பரவுகின்றது. குளிர்சாதனப் பெட்டி இயங்குகின்றது, தொலைபேசி உயிர்பெறுகின்றது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கண்டுபிடிப்பை உலகுக்கு அளித்தவர் பல்கலைக்கழகப் படியேறாதவர், உயர்கணிதம் அறியாதவர், புத்தகங் கட்டுந் தொழில் பயின்றவர். ஏன், எவ்வாறு என்னும் வினாக்களே அவருடைய மூலதனமாயிருந்தன. அப்பெருமகனாரின் வரலாற்றை நம் மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிதல் நன்றெனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

மைக்கேல் பரடே 1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள், இன்று இலண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட நியூவிங்டன் பட்ஸ் எனும் இடத்திற் பிறந்தார். இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்பு நாடிப் பெயர்ந்து வந்த குடும்பம் அது. தந்தையார் இரும்புக் கொல்லர்; நோயாளி. வறுமை வீட்டை விட்டு அகலவில்லை. எழுத, வாசிக்க, எளிய கணக்குச் செய்யக் கற்றதோடு பரடேயின் பள்ளிப்படிப்பு முடிந்தது.

1804ஆம் ஆண்டு, பிளான்ட்போர்ட் வீதியில் ஜோர்ஜ் றீபோ என்பவர் நடத்திய புத்தகக்கடையில் ஏவலாளாகச் சேர்ந்த சிறுவன், மறு ஆண்டு அங்கேயே புத்தகங் கட்டுந் தொழிலைப் பயிலத் தொடங்கினான். ஏழாண்டுப் பயிற்சி அது. பிறர் புத்தகங்களின் அட்டையை மட்டும் பார்த்தனர். பரடேயோ கட்டக் கொடுத்தவற்றின் உள்ளடக்கத்தையும் படித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவரை ஈர்த்தது. ஜேன் மார்செற் என்னும் அம்மையார் பொதுமக்களுக்காக எழுதிய இரசாயன நூலோ அவருக்கு வழிகாட்டியாயிற்று. ஆசிரியை ஒருவரும் மாணவியர் இருவரும் வினவியும் விடை கூறியும் உரையாடுவதாக அமைந்த நூல் அது. படித்ததை நம்பிவிடாது, கைக்கெட்டிய சில்லறைப் பொருள்களைக் கொண்டு தாமே செய்து பார்த்தார். இப்பழக்கமே பின்னாளில் அவரை அறிஞராக்கியது.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், றோயல் நிறுவனத்தில் சேர் ஹம்ப்ரி டேவி ஆற்றவிருந்த விரிவுரைகளுக்கு அநுமதிச் சீட்டு வழங்கினார். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்ற இரசாயன அறிஞர் டேவி. பரடே நான்கு விரிவுரைகளைக் கேட்டார். கேட்டவற்றைப் படங்களோடு விரித்தெழுதித் தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி, வேலை வேண்டி டேவிக்கு அனுப்பினார். 1813ஆம் ஆண்டு மார்ச் முதலாம் நாள் ஆய்வுகூட உதவியாளராக நியமனம் பெற்றார். கற்ற கைத்தொழிலே அறிவுலகின் கதவைத் திறந்துவிட்டது.

ஆயினும் ஏளனம் அவரைத் தொடர்ந்தது. அதே ஆண்டு டேவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டபோது, டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். பரடே மனம் நொந்தாராயினும் கற்பதை நிறுத்தவில்லை. தம் பேச்சிலும் இலக்கணத்திலும் குறையிருப்பதை உணர்ந்து நண்பர் ஒருவரிடம் இலக்கணம் கற்றார். பணம் செலுத்திப் பேச்சுக்கலையும் பயின்றார். புதிய நாட்டில், புதிய மொழியில் தடுமாறும் நம்மவர்க்கு இச்செய்தி ஆறுதல் தருவதாகும்.

1820இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஏர்ஸ்ரெட், மின்னோட்டம் செல்லும் கம்பி காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். மறு ஆண்டு பரடே, மின்னோட்டத்தைக் கொண்டு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி இடைவிடாது சுழலச் செய்தார். இன்றைய மின்மோட்டாரின் மூதாதை அதுவே. பின்னர் அவர் உள்ளத்தில் மறுதலையான வினா எழுந்தது. மின் காந்தத்தைத் தருமாயின், காந்தம் மின்னைத் தராதா?

இவ்வினாவுக்கு விடைகாண ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. முயற்சிகள் பல தோற்றன. 1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள், இரும்பு வளையமொன்றின் இருபுறமும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தார். இணைத்த கணத்தில், மற்றைய சுருளோடு தொடர்புற்றிருந்த காந்த ஊசி அசைந்து ஓய்ந்தது. இணைப்பை நீக்கியபோதும் அசைந்தது. அக்டோபர் 17இல் கம்பிச் சுருளொன்றினுள் காந்தக்கோலைச் செருகினார், மின் பிறந்தது. வெளியே இழுத்தார், எதிர்த்திசையில் மின் பிறந்தது. காந்தம் அசையாதிருந்தபோது ஒன்றும் நிகழவில்லை. மாற்றமே மின்னைப் பிறப்பிக்கின்றது என்னும் உண்மை புலனாயிற்று.

இவ்வுண்மையை எம்மவர் தம் வாழ்விலேயே கண்டனர். 1990இன் பின் மின்சாரம் இழந்திருந்த யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கர வண்டியின் மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவில் எழுந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டதை இங்குள்ள பெற்றோர் பலர் மறந்திரார். அச்சிறு தைனமோவினுள்ளும் கம்பிச் சுருளின் அருகே காந்தம் சுழன்றது. பரடேயின் வினா, இருண்ட வீடுகளில் நமக்கு உலகச் செய்தியைக் கொணர்ந்து தந்தது.

காந்தத்தைச் சூழ்ந்த வெளி வெறுமையன்று, அங்கே விசைக்கோடுகள் பரவியுள்ளன எனப் பரடே கருதினார். இரும்புத் தூளைத் தாளில் தூவிப் பார்ப்போர் அக்கோடுகளின் வடிவைக் காணலாம். கணிதம் இல்லாமையால் அறிஞர் பலர் அக்கருத்தைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மக்ஸ்வெல் எனும் கணித வல்லுநர் அக்கருத்துக்குச் சமன்பாட்டு வடிவம் தந்தார். ஒளியும் மின்காந்த அலையே என்னும் முடிவு அதிலிருந்து பிறந்தது.

எல்லா வினாவும் விடை பெறவில்லை. புவியீர்ப்புக்கும் மின்னுக்கும் தொடர்புண்டா என 1849இல் ஆராய்ந்தார், எதுவும் கிட்டவில்லை. கிட்டாமையையும் மறைக்காது வெளியிட்டார். நினைவாற்றல் குன்றி வருந்தியவராதலின், ஆய்வுகளை அன்றாடம் குறிப்பேட்டில் இலக்கமிட்டு எழுதினார். அக்குறிப்புகள் 16,000ஐக் கடந்தன.

இத்தகைய அறிஞர் சிறுவர்க்காகவும் நேரம் ஒதுக்கினார் என்பதே நம் நெஞ்சைக் கவர்வது. றோயல் நிறுவனத்தில் 1825இல் தொடங்கிய நத்தார்கால விரிவுரைகளில், 1827 முதல் 1860 வரை பத்தொன்பது தொடர்களை அவர் நிகழ்த்தினார். அவற்றுட் புகழ்பெற்றது மெழுகுதிரி பற்றியது. திரி வழியே உருகிய மெழுகு எவ்வாறு மேலேறுகின்றது? எரிந்த மெழுகு எங்கே போகின்றது? இவ்விரு வினாக்களின் வழியே, நாம் விடும் மூச்சுக்கும் சுடரின் எரிவுக்கும் உள்ள உறவு வரை சிறுவரை அழைத்துச் சென்றார்.

மாணவச் செல்வங்களே, பெரியோர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நீங்களும் செய்து பாருங்கள். எரியும் மெழுகுதிரியை ஊதி அணையுங்கள். எழும் வெண்புகையில், திரியைத் தொடாமலே, தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் புகைவழியே தாவி மீண்டும் திரியைப் பற்றும். எரிவது திரியன்று, மெழுகின் ஆவியே என்பதை உங்கள் கண்களே கூறும்.

பெற்றோர்களே, இரவு பகலாக உழைத்துக் களைத்து வரும் வேளையில், நிலவு ஏன் நம்மோடு கூட வருகின்றது எனப் பிள்ளை கேட்டால், பேசாமலிரு என அடக்குதல் எளிது. பிள்ளை கேட்பது ஆங்கிலத்தில், நாம் அறிந்தது தமிழில் என்னும் தயக்கமும் உண்டு. பட்டமும் கணிதமும் இல்லாத பரடேக்கு வினா போதுமானதாயிருந்தது. திரி, சுடர், புகை, ஆவி ஆகிய சொற்கள் நம்மிடமும் உள. விடை தெரியாவிடின், வா, செய்து பார்ப்போம் என்று தமிழில் அழைத்தாற் போதும். அடக்கப்பட்ட வினா வேறிடம் தேடிப் போய்விடும். அதனோடு நம் மொழியும் வீட்டைவிட்டுப் போய்விடும்.

றோயல் சங்கத்தின் தலைமைப் பதவியை ஏற்க மறுத்து எளியவராகவே வாழ்ந்த பரடே, 1867ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் ஹம்ற்றன் கோட்டில் இயற்கை எய்தினார். ஹைகேற் இடுகாட்டில் அவர்தம் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் சுற்றிய இரும்பு வளையம் இலண்டன் அல்பமார்ள் வீதியிலுள்ள றோயல் நிறுவனத்தில் இன்றும் பேணப்படுகின்றது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் வினாக்களுக்குச் செவி கொடுங்கள்.

நம் பள்ளியின் ஆண்டுவிழா இனிது சிறப்பதாக! நம் சிறாரின் வினாக்கள் பெருகுவனவாக!