எலும்பின் கணக்கும் கண்ணின் ஒளியும்

தம் உடல் தமக்கே அடங்காத நிலையிலும், பிறர் உடலின் இரகசியங்களை ஆராய்ந்து கண்ட பெரியார் ஒருவரின் சரித்திரத்தை இங்கு கூற விழைகின்றேன். அவர் அமெரிக்க வைத்தியப் பேரறிஞர் புல்லர் அல்பிரைட். நம் வீட்டுப் பெண்மணிகள் ஐம்பது வயதின் பின் உட்கொள்ளும் கல்சியம் மாத்திரைக்கும் அவர் வாழ்வுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1900ஆம் ஆண்டு பபலோ நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த அன்னார், ஹாவார்ட் வைத்தியக் கல்லூரியில் 1924இல் பட்டம் பெற்றார். பின்னர் வியன்னா சென்று ஏர்ட்ஹைம் என்னும் அறிஞரிடம் எலும்பு நோய்களைப் பயின்று, பொஸ்டன் நகரின் மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ஆராய்ச்சியை மேற்கொண்டார். உண்ட உணவில் கல்சியம் எவ்வளவு, கழிவில் வெளியேறியது எவ்வளவு என்று வணிகர் வரவு செலவு பார்ப்பதுபோலக் கணக்கிட்டு ஆராய்வது அவர் முறை.

கூன் விழுந்து முதுகு வலியால் வாடிய நோயாளரிற் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்களாயிருப்பதை அவர் கண்டார். ஈஸ்ட்ரஜன் என்னும் சுரப்பு நீர் குன்றுவதே காரணமென 1941இல் தம் சகாக்களுடன் எழுதி வெளியிட்டார். புதிய எலும்பு உருவாவது குறைகின்றது என்பது அவர் துணிபு. உள்ள எலும்பு விரைந்து கரைவதே முதன்மையானது என்று பிற்கால ஆராய்ச்சி அதனைத் திருத்தியது. ஆயினும் அவர் காட்டிய வழி பிழையன்று.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். எலும்பு தேய்ந்தாலும் இரத்தத்திலுள்ள கல்சியத்தின் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. கழுத்திலுள்ள நான்கு சிறிய பராதைரொயிட் சுரப்பிகள் அதனைக் காத்து நிற்கின்றன. அக்காவல் தவறும்போது கண்ணும் துன்புறுகின்றது. கல்சியம் நெடுங்காலம் குறைந்திருப்பின் கண்ணின் வில்லையிற் புரை வளர்கின்றது. மிகுந்திருப்பினோ, கருவிழியின் முன்னுள்ள பளிங்குப் படலத்தில் வெண்ணிறப் பட்டைபோற் படிகின்றது. கோகன், பார்ட்டர் என்னும் இருவருடன் இத்தகைய 19 நோயாளரைப் பற்றி அல்பிரைட் 1948இல் எழுதினார். இமைகளுக்கிடையே காற்றுப்படும் இடத்திலேயே அப்படிவு தோன்றும். மேற்பரப்பு கரடுமுரடாகிக் கண் உறுத்தும்; தோல் உரிந்த புண் ஆறுவதும் தாமதமாகும். இன்று மருந்திட்டு அதனைக் கரைத்தெடுக்கின்றனர். ஆனால் இரத்தத்திலுள்ள மிகுதியைத் தணிக்காவிடில் அது மீண்டும் படிதல் கூடும்.

கொட்டாஞ்சேனையில் வாழும் என் தமக்கையார், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகின்றதெனக் கூறி, கல்சியம் மாத்திரையையும் விற்றமின் டீயையும் இரட்டித்து உண்ண முற்பட்டார். நான் வெள்ளவத்தையிலிருந்து விரைந்து சென்று தடுத்து, முதலில் இரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்தேன். அளவு சரியாகவே இருந்தது. மாதவிடாய் நின்ற பின் பலருக்கு உண்டாகும் கண் வறட்சியே அஃது என்று கண் வைத்தியர் கூறிச் சொட்டு மருந்து கொடுத்தார். அவ்வறட்சிக்குக் கல்சியம் மருந்தன்று. பராதைரொயிட் சுரப்பி மிகையாகத் தொழிற்படும் நோயோ அவ்வயதுப் பெண்களையே அதிகம் நாடுவது. ஆதலால் பாலும், குரக்கனும், நெத்தலியும் உணவிற் சேர்வது நன்று. மாத்திரையின் அளவையோ வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

அல்பிரைட்டின் பிற்கால வாழ்வு உள்ளத்தை உருக்குவது. நாற்பது வயதை எட்டுமுன்பே பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. கை நடுங்கியது, நடையும் பேச்சும் தளர்ந்தன. மேலே கூறிய கண்டுபிடிப்புகள் யாவும் அந்நோயின் நடுவே விளைந்தவை என்பதை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகின்றது. 1956இல், அக்காலத்திற் புதிதாயிருந்த மூளைச் சத்திரசிகிச்சையொன்றுக்குத் தாமே துணிந்து உடன்பட்டார். மூளையில் இரத்தம் கசிந்தது. அதன்பின் பேச்சின்றி, தாம் பணிபுரிந்த அதே வைத்தியசாலையில் பதின்மூன்று ஆண்டுகள் படுக்கையிலிருந்து 1969இல் காலமானார்.

அவர் வாய் மூடிய பின்னும் அவரது கணக்கு நின்றுவிடவில்லை. நம் பெண்மணிகளின் எலும்பையும் கண்ணையும் அதுவே இன்றும் காத்து வருகின்றது.